கூழைக்கடாக்களின் அறிவியல் பெயர் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி?

உலகில் இன்று வாழும் கூழைக்கடா இனங்கள் எட்டு. எட்டும் பெலிக்கானஸ் என்னும் ஒரே பேரினத்தில் அடங்குகின்றன. இவ்வளவு சிறிய கூட்டத்தின் பெயர் வரலாற்றை எழுதுவது எளிது என்றே தொடக்கத்தில் தோன்றும். ஆனால் இந்தப் பேரினத்துக்குள் நீர்க்காகங்கள் இருந்து வெளியேறியிருக்கின்றன. ஓர் இனம் இன்னோர் இனத்தின் துணையினமாகி மீண்டும் தனி இனமாகியிருக்கிறது. ஒரே பறவைக்கு மூன்று பெயர்கள் சில பத்தாண்டுகளுக்குள் சூட்டப்பட்டிருக்கின்றன. ஓர் இனத்தை எடுத்துக்கொண்டு அதன் பெயர் எப்போது, யாரால், எதன் அடிப்படையில் வந்தது என்று தாமே தேட விரும்புவோருக்கு வழிமுறையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேடலைத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெயரின் வரலாறு வேறு, வகைப்பாட்டின் வரலாறு வேறு. எந்தப் பெயர் முதலில் அச்சேறியது என்பதை நூல்களும் ஆண்டுகளும் விதிகளும் தீர்மானிக்கின்றன. எந்தப் பறவை எதற்கு உறவு என்பதை எலும்பும் இறகும் மரபணுவும் தீர்மானிக்கின்றன. முன்னது ஒருமுறை முடிவானால் பெரும்பாலும் மாறுவதில்லை. பின்னது புதிய சான்று கிடைக்கும்போதெல்லாம் மாறும். இரண்டுக்கும் தனித்தனியே குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே தாளில் எழுதத் தொடங்குபவர்கள் பாதி வழியிலேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

முழுப் பெயரிலிருந்து தொடங்குங்கள்

அறிவியல் பெயர் என்றதும் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் ஆகிய இரண்டு சொற்களோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வரலாற்றைத் தேடுபவருக்கு அவற்றைத் தொடர்ந்து வரும் ஆசிரியர் பெயரும் ஆண்டும்தான் கதவின் சாவி. கூழைக்கடாக்களின் முழுப் பெயர்களை ஆண்டு வரிசையில் எழுதிப் பார்த்தாலே பாதிக் கதை வெளிப்பட்டுவிடும்.

பெரிய வெள்ளைக் கூழைக்கடா பெலிக்கானஸ் ஒனோக்ரோட்டலஸ் லின்னேயஸ், 1758. பழுப்புக் கூழைக்கடா பெலிக்கானஸ் ஆக்ஸிடென்டாலிஸ் லின்னேயஸ், 1766. பெரு நாட்டுக் கூழைக்கடா பெலிக்கானஸ் தாகஸ் மொலினா, 1782. அடுத்த மூன்றும் க்மெலின் 1789இல் ஒரே நூலில் சூட்டியவை: புள்ளி அலகுக் கூழைக்கடா பெலிக்கானஸ் பிலிப்பென்சிஸ், இளஞ்சிவப்பு முதுகுக் கூழைக்கடா பெலிக்கானஸ் ரூஃபெசென்ஸ், அமெரிக்க வெள்ளைக் கூழைக்கடா பெலிக்கானஸ் எரித்ரோரிங்கோஸ். ஆஸ்திரேலியக் கூழைக்கடா பெலிக்கானஸ் கான்ஸ்பிசிலாட்டஸ் டெம்மின்க், 1824. கடைசியாக டால்மேஷியக் கூழைக்கடா பெலிக்கானஸ் கிறிஸ்பஸ் ப்ரூக், 1832.

இந்த வரிசையில் இரண்டு செய்திகள் கண்ணில் பட வேண்டும். எட்டு இனங்களுக்கும் 74 ஆண்டுகளுக்குள் பெயர் கிடைத்துவிட்டது. 1832க்குப் பிறகு சூட்டப்பட்ட எந்தப் பெயரும் வாழும் கூழைக்கடா இனம் ஒன்றின் பெயராக இன்று வழக்கில் இல்லை. ஆகவே தேட வேண்டிய மூலநூல்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அவற்றுள்ளும் இலத்தீனில் எழுதப்பட்டவை மிகுதி. இரண்டாவது செய்தி, எட்டில் ஒன்றுக்குக்கூட ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் இல்லை என்பது. இது தற்செயல் அன்று.

அடைப்புக்குறி சொல்வது

விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின்படி, ஓர் இனம் முதலில் எந்தப் பேரினத்தில் வைத்துப் பெயரிடப்பட்டதோ அதே பேரினத்தில் இன்றும் இருந்தால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறி இல்லாமல் எழுதப்படும். பின்னாளில் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அவை அடைப்புக்குறிக்குள் போகும். இந்தச் சிறு குறியைக் கவனிக்கத் தெரிந்தவர், பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பறவை இடம்பெயர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட சிஸ்டமா நேச்சுரே என்னும் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் பெலிக்கானஸ் என்னும் பேரினம் மிக அகலமானது. நான்கு விரல்களையும் சவ்வு இணைத்திருக்கும் பாதமும் இறகற்ற முகமும் உள்ள பறவைகளை அவர் அங்கே ஒன்றுசேர்த்தார். எனவே இன்றைய பெரிய நீர்க்காகம் அன்று பெலிக்கானஸ் கார்போ; கடற்பறவையான வடகடல் கானெட் பெலிக்கானஸ் பஸ்ஸானஸ்; ஒரு ஃப்ரிகேட் பறவை பெலிக்கானஸ் அக்விலஸ். இவை இன்று முறையே ஃபாலக்ரோகோராக்ஸ் கார்போ (லின்னேயஸ், 1758), மோரஸ் பஸ்ஸானஸ் (லின்னேயஸ், 1758), ஃப்ரெகாட்டா அக்விலா (லின்னேயஸ், 1758) என எழுதப்படுகின்றன. கடைசிப் பெயரில் அக்விலஸ் அக்விலாவாக மாறியிருப்பதையும் கவனியுங்கள். சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் அது பேரினப் பெயரின் இலத்தீன் பாலோடு ஒத்துப்போக வேண்டும் என்ற விதியின் விளைவு இது. பழைய நூலில் தேடும்போது இறுதி அசை மாறியிருக்கும் என்பதை நினைவில் வைக்காவிட்டால் தேடல் வெறுங்கையோடு முடியும்.

வெளியேற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. நீர்க்காகங்களுக்கு ஃபாலக்ரோகோராக்ஸ், பூபி என்னும் கடற்பறவைகளுக்குச் சூலா ஆகிய பேரினங்களைப் பிரிஸ்ஸோன் 1760இலேயே வகுத்தார். ஃப்ரிகேட் பறவைகளுக்கான ஃப்ரெகாட்டாவை லாசெபேத் 1799இலும், கானெட்டுகளுக்கான மோரஸை வியேயோ 1816இலும் உருவாக்கினர். ஆனாலும் க்மெலின் 1789இல் பழைய அகலமான பெலிக்கானஸையே பின்பற்றினார். அதனால் அந்த நூலில் பெலிக்கானஸ் என்று தொடங்கும் பெயர் ஒன்றைக் கண்டவுடன் அது கூழைக்கடா என்று முடிவுகட்டக் கூடாது. இன்றைய பெரிய ஃப்ரிகேட் பறவையின் பெயர் ஃப்ரெகாட்டா மைனர் (க்மெலின், 1789). ‘சிறியது’ என்று பொருள்படும் பெயர் ‘பெரிய’ ஃப்ரிகேட் பறவைக்கு எப்படி வந்தது என்று குழம்புவோருக்கு விடை அந்த அடைப்புக்குறியில் இருக்கிறது: க்மெலினின் நூலில் அது பெலிக்கானஸ் மைனர். விதிகள் பொருத்தத்தைப் பார்ப்பதில்லை, முந்தியதைத்தான் பார்க்கின்றன.

மற்றவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற, பெயரோடு எஞ்சியவைதாம் கூழைக்கடாக்கள். அதனால்தான் அவற்றின் ஆசிரியர்கள் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரைக்கன்பாக் இவற்றையும் பிரிக்க முனைந்து சிர்ட்டோபெலிக்கானஸ், லெப்டோபெலிக்கானஸ் போன்ற பெயர்களை உருவாக்கினார். இன்றைய பட்டியல்கள் அவற்றைத் தனிப் பேரினங்களாக ஏற்பதில்லை. ஏற்றிருந்தால் பழுப்புக் கூழைக்கடாவின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறி வந்திருக்கும்.

முதல் விவரிப்பைத் திறந்து பாருங்கள்

ஆசிரியரும் ஆண்டும் கையில் இருந்தால் மூலநூலைத் தேடலாம். பல்லுயிர் மரபு நூலகம் என்னும் இணையச் சேமிப்பகத்தில் லின்னேயஸ், க்மெலின், லேதம், பிரிஸ்ஸோன் ஆகியோரின் நூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இலவசமாக வைக்கப்பட்டுள்ளன. இலத்தீன் தெரியாதவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு பறவைக்கான பதிவு பெரும்பாலும் சில வரிகள்தான். அதில் நான்கைத் தேடுங்கள்: பெயர், ஒன்றிரண்டு வரி அடையாளக் குறிப்பு, வாழிடம், அதற்கு முன் அப்பறவையைப் பற்றி எழுதியவர்களின் சுருக்கப் பெயர்கள். நான்காவதைத்தான் பலர் தாண்டிச் செல்கிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தப் பதிவிலும் மிக மதிப்புள்ள பகுதி அதுவே, ஏனெனில் பெயர் சூட்டியவர் பறவையைப் பார்த்தாரா, பிறர் எழுதியதைப் படித்தாரா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

க்மெலினின் மூன்று கூழைக்கடாக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லின்னேயஸ் மறைந்தபின் சிஸ்டமா நேச்சுரேவின் பதின்மூன்றாம் பதிப்பைத் தொகுத்தவர் க்மெலின். அதன் பறவைப் பகுதி 1788, 1789 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. அவர் பெரும்பாலும் பயணிகளும் அருங்காட்சியகத்தாரும் எழுதி வைத்திருந்த விவரிப்புகளை எடுத்து, அவற்றுக்கு இருசொற் பெயர் கொடுத்தார். இங்கிலாந்தின் ஜான் லேதம் 1780களில் வெளியிட்ட பறவைத் தொகுப்பில் சொரசொரப்பான அலகுடைய வட அமெரிக்கக் கூழைக்கடா ஒன்றை விவரித்திருந்தார். இனப்பெருக்கக் காலத்தில் அந்தப் பறவையின் மேலலகில் முளைத்துப் பின்னர் உதிர்ந்துவிடும் கொம்புத் தகடுதான் அதற்குக் காரணம். ஆனால் அவர் ஆங்கிலப் பெயரோடு நிறுத்திவிட்டார். அதே பறவைக்கு க்மெலின் 1789இல் எரித்ரோரிங்கோஸ் என்ற பெயரைச் சூட்டினார். மறுஆண்டே லேதம் தம் இலத்தீன் நூலில் டிராக்கிரிங்கோஸ் என்று பெயரிட்டார். முதலில் விவரித்தவர் அவர்தான், அவர் கொடுத்த பெயரே பறவையின் தனித்தன்மையைப் பிடித்ததும்கூட. ஆனால் ஓர் ஆண்டு பிந்திவிட்டதால் அந்தப் பெயர் ஒத்தபெயர்ப் பட்டியலில், அதாவது ஒரே பறவைக்குச் சூட்டப்பட்டு வழக்கில் இல்லாத பெயர்களின் பட்டியலில், கிடக்கிறது. விவரித்தவரையும் பெயரிட்டவரையும் பிரித்து எழுத வேண்டும் என்று இத்துறையில் வற்புறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

1758க்கு முந்தைய நூல்களையும் படிக்கலாம். அவற்றில் சுவையான செய்திகள் உண்டு. ஒனோக்ரோட்டலஸ் என்ற சொல்லைப் பண்டைய ரோமின் பிளினியே பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் முன்னுரிமையைக் கணக்கிடும்போது அவை எடுத்துக்கொள்ளப்படா. விதித்தொகுப்பு லின்னேயஸின் பத்தாம் பதிப்பு 1758 ஜனவரி 1இல் வெளிவந்ததாகக் கருதி, அங்கிருந்தே விலங்குப் பெயர்களின் காலக்கணக்கைத் தொடங்குகிறது. பிரிஸ்ஸோனின் நிலை இன்னும் விசித்திரமானது: அவர் வகுத்த பேரினப் பெயர்கள் ஏற்கப்பட்டுள்ளன, இனங்களுக்கு இருசொற் பெயரீட்டைச் சீராகப் பின்பற்றாததால் அவர் இட்ட இனப் பெயர்கள் ஏற்கப்படவில்லை.

பழுப்புக் கூழைக்கடாவின் மூலப் பதிவைத் தேடுபவர் ஒரு சிறு தடையைச் சந்திப்பார். லின்னேயஸின் 1766ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் பதிப்பில் ஆக்ஸிடென்டாலிஸ் தனி இனமாக எண்ணிடப்படவில்லை. ஒனோக்ரோட்டலஸுக்குக் கீழே பீட்டா என்ற கிரேக்க எழுத்திட்ட வகையாக இருக்கிறது. வகையாகத் தோன்றிய பெயரும் அதே ஆசிரியர், அதே ஆண்டோடு இனப் பெயராக உயர முடியும் என்பதால் 1766 என்ற ஆண்டு நிலைக்கிறது. பேரினமும் மாறவில்லை, அதனால் அடைப்புக்குறியும் இல்லை.

டெம்மின்க்கின் நூலைப் போலப் பகுதி பகுதியாகப் பல ஆண்டுகள் வெளிவந்தவற்றில், தலைப்புப் பக்கத்தின் ஆண்டை நம்பாமல் அந்தப் பறவையின் பகுதி வெளியான ஆண்டைத் தேடுங்கள். மொலினா வேறு வகை. இயேசு சபைத் துறவியான அவர் சிலியில் பிறந்து, சபை வெளியேற்றப்பட்டபின் இத்தாலியில் வாழ்ந்தவர். சிலியின் இயற்கை வரலாறு பற்றிய அவரது நூல் 1782இல் பொலோனாவில் அச்சானது. பிறந்த நாட்டின் பறவையைக் கடல் கடந்து அமர்ந்து எழுதியவர் என்பதை மனத்தில் வைத்தே அவரது விவரிப்பைப் படிக்க வேண்டும்.

பெயரை நம்பிப் பறவையைத் தேடாதீர்கள்

சிற்றினப் பெயர் ஓர் அடையாளச் சீட்டு. அதை விவரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிலிப்பென்சிஸ் என்ற பெயர் பிலிப்பைன்ஸைக் குறிக்கிறது. ஆனால் புள்ளி அலகுக் கூழைக்கடா அங்கே 20ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போய், இன்று தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் பிற நாடுகளில் வாழ்கிறது. அதற்காகப் பெயரை மாற்ற முடியாது. கிறிஸ்பஸ் என்பது பிடரியின் சுருண்ட இறகுகளையும், கான்ஸ்பிசிலாட்டஸ் என்பது கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அணிந்ததுபோல் தெரியும் வெற்றுத் தோலையும் குறிக்கின்றன. இவை பொருந்தும் பெயர்கள், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டலிலும் இதே கண்டிப்பு உண்டு. எரித்ரோரிங்கோஸ் என்பதைப் பல பழைய நூல்கள் எரித்ரோரிங்கஸ் என்று திருத்தியிருக்கின்றன. ஆனால் க்மெலின் எழுதிய வடிவமே செல்லும். தேடுபொறியில் இரண்டு வடிவங்களையும் இட்டுத் தேடுங்கள்; ஒன்றை மட்டும் இட்டால் ஒரு நூற்றாண்டின் பதிவுகள் கண்ணில் படாமல் போகலாம்.

ஒத்தபெயர்களைத் திரட்டும்போது ஒவ்வொன்றும் ஏன் தோன்றியது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அமெரிக்கப் பறவையியலாளர் ஆடுபன் 1830களில் அமெரிக்க வெள்ளைக் கூழைக்கடாவுக்குப் பெலிக்கானஸ் அமெரிக்கானஸ் என்று பெயரிட்டார். ஐரோப்பியப் பறவையிலிருந்து இது வேறு என்ற அவரது கருத்து சரியானதே. க்மெலின் முந்திவிட்டார் என்பதுதான் குறை. சரியான கருத்தோடு வந்த பிந்திய பெயர் ஒன்று, தவறான அடையாளத்தால் வந்த பெயர் ஒன்று என இரண்டையும் ஒரே நெடுவரிசையில் அடுக்கினால் வரலாறு தொலைந்துவிடும்.

இணைத்தலும் பிரித்தலும்

இங்கிருந்து இரண்டாவது குறிப்பேடு தொடங்குகிறது. தாகஸ் என்ற பெயர் 1782 முதல் இருந்தாலும், 20ஆம் நூற்றாண்டின் பல பட்டியல்கள் அதைப் பெலிக்கானஸ் ஆக்ஸிடென்டாலிஸ் தாகஸ் என்று பழுப்புக் கூழைக்கடாவின் துணையினமாக வைத்தன. இரண்டும் மேலிருந்து கடலில் பாய்ந்து மீன் பிடிப்பவை, நிறத்திலும் நெருங்கியவை. ஆனால் பெரு நாட்டுப் பறவை ஏறக்குறைய இரு மடங்கு எடை கொண்டது. இன்று அது தனி இனம். அதேபோல் டால்மேஷியக் கூழைக்கடாவைப் புள்ளி அலகுக் கூழைக்கடாவின் துணையினமாகக் கருதிய காலமும் உண்டு. இத்தகைய இணைப்புகளில் பெயரோ ஆசிரியரோ ஆண்டோ அழிவதில்லை. பெயர் மூன்றாம் இடத்துக்கு இறங்கிக் காத்திருக்கிறது, பிறகு இரண்டாம் இடத்துக்கு ஏறுகிறது. பழைய கணக்கெடுப்புகளைப் படிப்பவர் அந்த ஆண்டில் எந்தப் பட்டியல் வழக்கில் இருந்தது என்று பார்க்காமல் எண்களை ஒப்பிடக் கூடாது. ‘பழுப்புக் கூழைக்கடா’ என்ற தலைப்பின் கீழ் பெரு நாட்டுப் பறவைகளும் எண்ணப்பட்டிருக்கலாம்.

துணையினங்கள் என்று வரும்போது பழுப்புக் கூழைக்கடாவுக்குத்தான் கதை நீளம். கரீபியத்தின் ஆக்ஸிடென்டாலிஸோடு, க்மெலினின் கரோலினென்சிஸ் (1789), ரிட்ஜ்வேயின் கலிஃபோர்னிகஸ் (1884), வெட்மோர் 1945இல் பெயரிட்ட மர்ஃபியும் யூரினாட்டரும் எனப் பொதுவாக ஐந்து ஏற்கப்படுகின்றன. யூரினாட்டர் காலாபகஸ் தீவுகளுக்குரியது.

உறவுமுறையின் மாற்றங்கள்

கூழைக்கடாக்களை அவற்றின் தோற்றத்தையும் கூட்டையும் கொண்டே நெடுங்காலம் பிரித்தார்கள்: வெள்ளையாய்ப் பெரிதாய்த் தரையில் கூடு கட்டுபவை ஒரு பக்கம், சாம்பலோ பழுப்போ நிறத்தில் சிறிதாய் மரத்தில் கூடு கட்டுபவை இன்னொரு பக்கம். எட்டு இனங்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2013இல் கென்னடியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிரிவினையைக் கலைத்தது. அமெரிக்க வெள்ளை, பழுப்பு, பெரு நாட்டு இனங்கள் புதிய உலகக் கிளையாக ஒன்றுசேர்ந்தன. மற்ற ஐந்தும் பழைய உலகக் கிளை. அதிலிருந்து முதலில் பிரிந்தது பெரிய வெள்ளைக் கூழைக்கடா. டால்மேஷிய, புள்ளி அலகு, இளஞ்சிவப்பு முதுகு இனங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க, ஆஸ்திரேலிய இனம் அவற்றுக்கு அடுத்த உறவாக அமைந்தது. ஆக, வெள்ளை நிறம் இரு கிளைகளிலும் இருக்கிறது. அதை உறவுக்குச் சான்றாக இனி எழுத முடியாது.

பேரினத்துக்கு மேலே குடும்பம், குடும்பங்களைத் தொகுப்பது வரிசை. கூழைக்கடாக்களின் குடும்பப் பெயருக்கு ஆசிரியர் ரஃபினெஸ்க், 1815. வரிசைப் பெயருக்கு ஷார்ப், 1891. இவற்றைக் குறித்துக்கொண்டு உள்ளடக்கத்துக்குச் செல்லலாம், ஏனெனில் அங்கேதான் பெரிய இடமாற்றம் நடந்தது. நான்கு விரல்களும் சவ்வால் இணைந்த பாதம் என்ற லின்னேயஸ் காலத்து அடையாளமே நீர்க்காகம், பாம்புத்தாரா, பூபி, ஃப்ரிகேட் பறவை, வெப்பமண்டலப் பறவை ஆகியவற்றைக் கூழைக்கடாக்களோடு ஒரே வரிசையில் கட்டி வைத்திருந்தது. ஆப்பிரிக்கச் சதுப்பு நிலத்து ஷூபில் பறவையின் எலும்புக்கூட்டில் கூழைக்கடாச் சாயல் இருப்பதை 1957இலேயே காட்டம் எடுத்துக்காட்டினார். சிப்லியும் ஆல்குவிஸ்டும் டி.என்.ஏ. கலப்பு முறையால் 1990இல் அதே உறவைச் சுட்டினர். 2008இல் ஹாக்கெட் குழுவின் விரிவான மரபணு ஆய்வு அதை வலுப்படுத்தியது. இன்றைய பட்டியல்களில் கூழைக்கடாக்களின் வரிசையில் ஷூபில், ஹேமர்காப், கொக்குகள், அரிவாள் மூக்கன்கள், கரண்டிவாயன்கள் இருக்கின்றன. நீர்க்காகக் கூட்டம் சூலிஃபார்மிஸ் என்ற தனி வரிசைக்கும், வெப்பமண்டலப் பறவைகள் இன்னொரு வரிசைக்கும் போய்விட்டன. 2010க்கு முந்தைய நூலில் வரிசைப் பெயரைக் காணும்போது அதற்குள் எந்தக் குடும்பங்கள் இருக்கின்றன என்று விரித்துப் பாருங்கள். பெயர் அதேதான், கூட்டாளிகள் வேறு.

புதைபடிவப் பெயர்கள்

இவற்றைத் தனியே வையுங்கள். பிரான்சின் லூபரோன் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ 3 கோடி ஆண்டு பழமையான கூழைக்கடாவின் அலகு இன்றைய இனங்களின் அலகையே பெரிதும் ஒத்திருக்கிறது. ஆகவே அதைப் புதிய பேரினத்தில் வைக்கவில்லை. எகிப்தில் கிடைத்த, அதைவிடப் பழைய எலும்புக்கு 2021இல் இயோபெலிக்கானஸ் என்ற தனிப் பேரினம் உருவாக்கப்பட்டது. ஒற்றை எலும்பை வைத்துச் சூட்டிய பெயர்கள் எளிதில் கவிழும் என்பதால், புதைபடிவப் பெயர் ஒவ்வொன்றுக்கும் எந்த எலும்பு அடிப்படை என்று எழுதி வையுங்கள்.

இனி பதிவை எழுதலாம். பெரு நாட்டுக் கூழைக்கடாவுக்கு அது இவ்வாறு அமையும்: பெலிக்கானஸ் தாகஸ் மொலினா, 1782, முதல் விவரிப்பு சிலியின் இயற்கை வரலாறு பற்றிய நூலில், பொலோனா, வகைமாதிரி இடம் (பெயருக்கு அடிப்படையான பறவை கிடைத்த இடம்) சிலி, பேரினம் மாறவில்லை, 20ஆம் நூற்றாண்டில் ஆக்ஸிடென்டாலிஸின் துணையினமாகவும் கருதப்பட்டது, இன்று தனி இனம், புதிய உலகக் கிளையைச் சேர்ந்தது. இதன் இறுதியில், எந்தப் பறவைப் பட்டியலின் எந்தப் பதிப்பைப் பின்பற்றினீர்கள் என்பதையும் ஆண்டோடு குறிப்பிடுங்கள்.